டாங்கிக்காரனுக்கு என்ன நிறச் சட்டை?

“அண்ணே, ஜப்பான்காரன் என்ன கலர் சட்ட போட்டிருந்தான்?”

தைப்பூசம் முடிந்த மறுவாரம். அப்போதுதான் கடைக் கதவைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி தேடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இந்தக் கேள்வி. ‘பசியாறிட்டீங்களா’ இல்லை, ‘எப்படி இருக்கீங்க’ இல்லை... நேராக ஜப்பான்காரன்!

“எந்த ஜப்பான்காரன்யா?”

“டாங்கியில வந்தானே... ஜப்பான் காலத்துல. அவன்தான்.”

வந்தவர் தனபாலன். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும், கோலா சிலாங்கூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் என் போட்டோ ஸ்டூடியோவையும் தெரியும். தனபாலன் உங்களுக்குப் புதியவர். இடைநிலைப் பள்ளி ஒன்றில் சயன்ஸ் லேப் உதவியாளர். நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை — ஏன் என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. அம்மாவும் அவரும் மட்டும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் டாங்கி.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து ஒரு டாங்கியாக்குவது. அதன் மேல்மூடியைத் திறந்துகொண்டு நிற்க, சுண்டுவிரல் உயரத்துக்கு ஆட்கள். அந்த ஆளின் சட்டைப் பொத்தானுக்கு அவர் பெயின்ட் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிற நமக்கும் மூச்சு நின்றுவிடும்.

இந்த வருடம் கிள்ளானில், இந்த மாதிரிப் பொருட்கள் விற்கும் கடைக்காரர்கள் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். போட்டியும் உண்டு. மற்றவர்கள் எல்லாம் ஜெர்மன் டாங்கி, அமெரிக்க டாங்கி என்று போவார்கள். தனபாலனுக்கு வேறு யோசனை. நம்முடைய பெரிய சாலையில், ஸ்லிம் ரிவர் பக்கமிருந்து கீழே இறங்கி வந்ததே ஜப்பான்காரனின் டாங்கி... அதைச் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் செம்மண் பாதை, தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் டாங்கி.

“அதான் பெட்டியிலேயே ஆளுங்க இருக்காங்களே. அப்படியே ஒட்ட வேண்டியதுதானே?” என்றேன்.

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் ஆள். கழுத்தைச் சுற்றி ரோமம் வைத்த கனத்த கோட்டு, காதை மூடும் தொப்பி.

“இது பனி பெய்யற நாட்டுக்குப் போட்டதுண்ணே. நம்ம வெயில்ல இதப் போட்டுக்கிட்டு வந்திருப்பானா?”

நியாயம்தான். செத்தே போயிருப்பான்.

தபாலில் வரவழைத்த வெளிநாட்டுப் புத்தகங்கள் இரண்டு வைத்திருந்தார். ஒன்றில், சூடான நாடுகளில் மெல்லிய பருத்திச் சட்டை, பச்சை கலந்த காக்கி என்று படம். இன்னொன்றில் அதே ஆள், அதே சட்டை — செங்கல் கலந்த மண் நிறம். இரண்டில் எது?

“யாருக்குய்யா தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியணும்ல” என்றார்.

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

*

யுத்தத்தில் ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அந்த ஜப்பான் காலத்தில் எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். எங்கள் குடும்பம் கடலோரப் பக்கம். டாங்கியை நான் பார்த்ததில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது மரவள்ளிக்கிழங்கு ஒன்றுதான். ஆனால் பெரிய சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் பார்த்தவர்கள் இருப்பார்கள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, என் காரிலேயே இரண்டு பேரும் கிளம்பினோம்.

கோலா குபு பாருவில் ஒரு காப்பிக்கடை. வயதான லோரி டிரைவர்கள் கூடும் இடம்.

“பச்ச. கரும்பச்ச. கண்ணால பாத்தவன் சொல்றேன்” என்றார் ஒருவர்.

“போடா... மஞ்ச. சாம்பார்ல ஊறுன மாதிரி மஞ்ச” என்றார் எதிரில் இருந்தவர்.

“அது சிப்பாய்டா. நான் சொல்றது டாங்கிக்காரன்.”

“ரெண்டு பேரும் ஒரே கடையில தானடா துணி எடுத்திருப்பானுங்க?”

ஒரு காப்பி ஆறுவதற்குள் ஜப்பான் ராணுவம் நாலைந்து நிறம் மாறிவிட்டது. தனபாலன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து கெர்லிங் போகும் வழியில் ஒரு தோட்டம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் இன்னும் லயத்திலேயே இருந்தார். கேள்வியைக் கேட்டதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“சட்ட கலரா? யாருய்யா சட்டையப் பாத்தா? தலைய நிமித்துனா அறை விழும். குனிஞ்சுகிட்டு நின்னவனுக்கு பூட்ஸ்தான் தெரியும். பூட்ஸப் பத்திக் கேளு, சொல்றேன்.”

யோசித்துப் பாருங்கள்... ஒரு ஊரே ஒரு படையை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறது!

திரும்பி வரும்போது மழை. வைப்பர் சரியாக வேலை செய்யாத கார். மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

“உங்கம்மா இந்தப் பக்கத்துத் தோட்டத்துலதானே இருந்தாங்க அப்ப?”

“ம்.”

“டாங்கியப் பாத்திருப்பாங்களே?”

 கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

“அப்பாவை அந்தத் தோட்டத்துலேர்ந்துதான் சயாமுக்குக் கொண்டுபோனாங்க. ரயில் ரோடு போட. போனவரு வரல. நான் கைப்புள்ள. அம்மா அதப் பத்திப் பேச மாட்டாங்கண்ணே. சின்ன வயசுல ஒரு தடவ கேட்டேன். ரெண்டு நாளு சோறு திங்கல அவங்க. அதோட விட்டுட்டேன்.”

“அப்புறம் எதுக்குய்யா அந்த டாங்கியப் போய்ச் செய்யற?”

“அவங்க பாத்த ஏதாவது ஒண்ண நானும் பாக்கணும்லா” என்றார்.

 வைப்பர் மட்டும் கிரீச் கிரீச் என்று பேசிக்கொண்டு வந்தது.

*

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். ஞாயிறு மத்தியானம். இரண்டு ஆட்களின் கோட்டையும் பிளேடால் செதுக்கி எடுத்து, காய்ந்தால் இறுகும் மாவு வைத்து மெல்லிய சட்டையாக மாற்றியிருந்தார். ஒருவனுக்குப் பச்சைக் காக்கி, இன்னொருவனுக்கு மண் நிறம். எது பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டுமாம். போட்டோக்காரன் கண்ணாம் எனக்கு.

“டியூப் லைட்ல பாக்காத. ஜன்னல்கிட்ட கொண்டா” என்றேன்.

மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். இரண்டு பேரும் இரண்டு ஆட்களையும் பிடித்துக்கொண்டு, பச்சை இல்லை, மண் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தோம். நாற்பது, ஐம்பது வயது ஆம்பிளைகள்... வெளியிலிருந்து பார்த்தால் பொம்மைக்குச் சண்டை போடும் பிள்ளைகள் மாதிரிதான் இருந்திருக்கும்.

தனபாலனின் அம்மா காப்பி கொண்டுவந்தார். நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு. அதிகம் பேச மாட்டார். எப்போது போனாலும், “வாங்க தம்பி”, “சாப்பிடுங்க தம்பி”, “போயிட்டு வாங்க தம்பி”... அவ்வளவுதான்.

தட்டை வைத்தவர் போகவில்லை. என் கையிலிருந்த ஆளைப் பார்த்தார்.

“அந்தக் கலர் இல்ல.”

தனபாலனின் கை நின்றது.

“ரெண்டும் இல்ல” என்றார் பெரியம்மா. “புதுசுல பச்சையும் மஞ்சளும் கலந்தாப்புல இருந்துச்சு. தொவச்சுத் தொவச்சு, லாலான் புல்லு காஞ்சா ஒரு கலரு வருமே... அதுக்கு வந்துருச்சு.”

தொவச்சா? ஜப்பான்காரன் சட்டையை இவர் எதற்குத் துவைத்தார்?

நான்தான் கேட்டேன். மகனால் கேட்க முடியாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

பெரியம்மா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தபடி, மேஜை மேலிருந்த டாங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

“பெரிய ரோட்டுலேர்ந்து ஒண்ணு மட்டும் பிரிஞ்சு லயத்துப் பக்கம் வந்துச்சு தம்பி. தண்ணிக்கு. எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க. நான் குழாயடியில இருந்தேன். இவன் இடுப்புல. ஓட முடியல. மேல நின்னவன் எறங்கி வந்தான். சின்ன வயசு. சட்டையெல்லாம் எண்ணெ, வேர்வ. குழாயில தலையக் காட்டுனான். சட்டையக் கழட்டிப் பிழிஞ்சான். அங்க கொடியில உங்கப்பா சட்ட காஞ்சுகிட்டு இருந்துச்சு, பாலு. நீலக் கோடு போட்டது. கல்யாணத்துக்குத் தச்சது. அத எடுத்துப் போட்டுக்கிட்டான்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலியா பெரியம்மா?”

“என்னத்தச் சொல்றது? அவன் திருடனாட்டம் எடுக்கல தம்பி. அவன் சட்டைய அதே கொடியில விரிச்சுப் போட்டான். மாத்திக்கிட்டாப்புல. இவன் கன்னத்தக் கிள்ளிச் சிரிச்சான். ஏறிப் போயிட்டான்.”

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. நானும் இந்தப் பத்தியில் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

அப்புறம் வந்தது துணி இல்லாத காலம். இளையவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்... அரிசிச் சாக்கை வெட்டிக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போனவர்கள் உண்டு. வீட்டில் ஒரு நல்ல சட்டை சும்மா கிடக்கிறது. பருத்தி. கிழிசல் இல்லை. காலரில் இரண்டு பக்கமும் சிவப்புத் துணியில் நட்சத்திரம் வைத்துத் தைத்திருந்தது. அதுதான் ராணுவ அடையாளம்.

“நான்தான் பிரிச்சேன்” என்றார் பெரியம்மா. “ஊசி முனையால ஒவ்வொரு நூலா. துணி கெடாம. அவரு வேணாம்னாரு. பயந்தாரு. ‘செவப்பு போயிருச்சு, இனி யாருக்குத் தெரியும், போட்டுக்குங்க’ன்னு நான்தான் குடுத்தேன். அத ஒரு வருசம் போல போட்டாரு.”

தனபாலன் கையிலிருந்த ஆளை மேஜை மேல் வைத்தார்.

“ஒரு நா காலையில, வேலைக்குப் பேர் பதியற பெரட்டுக்கு எல்லாரையும் நிக்க வச்சாங்க. லோரி வந்து நிக்குது. சயாமுக்கு ஆளு எடுக்கறாங்கன்னு அப்பத் தெரியாது. கணக்கெழுதுற கிராணி பேரு வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தரா ஏத்துனாங்க. இவரு பேர வாசிக்கவே இல்ல. லோரியில வந்த ஜப்பான் ஆபீசரு வரிசையில நடந்து வந்தவன், இவருக்கு முன்னால நின்னுட்டான். காலரப் புடிச்சான்.”

பெரியம்மா தன் கழுத்தோரம் விரலை வைத்துக் காட்டினார்.

“சட்ட முழுக்க வெளுத்துப் போச்சுல்ல... அந்தச் செவப்பு இருந்த எடம் மட்டும் வெளுக்கல. பச்சையாவே இருந்துச்சு. சதுரமா. ரெண்டு பக்கமும். நான் தொவைக்கும்போது எத்தன தடவ பாத்திருக்கேன்... புத்திக்கு எட்டல.”

அடித்தார்களாம். எங்கே திருடினாய் என்று கேட்டிருப்பான் போல. பாஷை யாருக்குத் தெரியும்? சட்டையை உடம்பிலிருந்து கிழித்து எடுத்தார்கள். அப்படியே லோரியில் தள்ளினார்கள்.

“வெறும் உடம்போட போனாரு” என்றார் பெரியம்மா.

வெளியே ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. யாரும் தொடவில்லை.

எனக்கு இந்த மாதிரி நேரங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. “சட்ட இல்லாட்டியும் கொண்டுபோயிருப்பாங்க பெரியம்மா. இன்னிக்கு இல்லாட்டி அடுத்த லோரியில. எத்தன தோட்டத்துல ஆம்பளைங்களே இல்லாமப் போயிருச்சு...” என்றேன்.

“அப்படித்தான் தம்பி நானும் எனக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்” என்றார். “பேரு வாசிக்கலையே தம்பி.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு டம்ளர் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

தனபாலன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகிறேன் என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

*

அதற்கப்புறம் பல வாரம் அவரைப் பார்க்கவில்லை. கடைப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் பாசாரில் எதிரில் வந்தவர், மீன் வாங்கும் சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, டாங்கியைக் குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் வந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணே, ஒரு உதவி. அந்த நீலக் கோட்டுச் சட்ட... கோடு நெட்டுக்கா, குறுக்கான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”

“நீயே கேக்க வேண்டியதுதானேயா? ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?”

“கேக்கணும்னுதான் தெனமும் அடுப்படிக்குப் போறேன். தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் அம்மாவிடம் கேட்க, ஊர்க்காரன் ஒருவன் தேவைப்படுகிறான். நம் வீடுகளில் இது புதிதா என்ன? சோறு வேண்டுமா, குழம்பு போதுமா என்பதைத் தவிர, நாமும் நம் அம்மாக்களிடம் என்ன கேட்டிருக்கிறோம்?

போனேன். பெரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். உடனே சொன்னார்.

“நெட்டுக்கோடு தம்பி. ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல. அப்புறம் எடம் விட்டு, மறுபடி ரெண்டு. வெள்ளத் துணி. கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விடுவாரு.” கீரைக் காம்பை ஒடித்தபடி கேட்டார்: “எதுக்காம்?”

“டாங்கி மேல நிக்கறவனுக்குப் போடப் போறான்னு நெனைக்கிறேன். அன்னிக்கு அவன் போட்டுக்கிட்டுப் போனது அதுதானே... சரியா இருக்கணும்னு...”

பெரியம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“பாலு!” என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

தனபாலன் வந்து நிலைப்படியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அவனுக்கா போடப் போற அந்தச் சட்டைய?”

“அதுதானேம்மா உண்ம? அவன்தானே போட்டிருந்தான்...”

“உண்மைய நான் பாத்துட்டேன். அது போதும்” என்றார் பெரியம்மா. “அவன் சட்டைய அவனுக்குப் போடு. உங்கப்பா சட்டைய உங்கப்பாவுக்குப் போடு.”

அவ்வளவுதான். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். 

தனபாலனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். டாங்கியின் பக்கவாட்டில் ஒரு திருகாணி இடம் மாறினால் தூங்காத மனிதர். ஒரு பொத்தான் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு ஆளையே தூக்கிப் போட்டவர். நடக்காத ஒன்றை அவர் அதுவரை செய்ததே இல்லை.

செய்தார்.

பெட்டியில் வந்த இரண்டாவது ஜப்பான்காரன் இருந்தானே... அவன் பூட்ஸைச் செதுக்கி எடுத்தார். வெறுங்கால் ஆக்கினார். கால்சட்டையின் மேல் மாவு வைத்து வேட்டி ஆக்கினார். தொப்பியை அறுத்து, தலைமுடி வைத்தார். கோட்டைச் செதுக்கிய உடம்பில் வெள்ளைச் சட்டை. அதன் மேல் இரண்டிரண்டாக நீலக் கோடு. முடி கனத்தில் கோடு. ஒரு நாளைக்குச் சட்டையின் ஒரு கை. கோடு பிசகினால் துடைத்துவிட்டு மறுபடி. லேப் வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும் வரை ஜன்னலோரம் அதே வேலை.

டாங்கி மேல் நின்றவனுக்கு அவன் சட்டை. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். நிறத்தைக் கலந்து கலந்து, ஒரு காகிதத்தில் தடவி அம்மாவிடம் காட்டுவாராம். பெரியம்மா தலையாட்டுவார், இல்லை என்று. இன்னொன்று. இல்லை. ஒரு நாள் “ம்” என்றாராம். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம் அண்ணே என்று சொன்னார். அதுவரை எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

கிள்ளான் கண்காட்சிக்கு முதல் நாள் என் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே பெரியம்மா. அவர் என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடங்களில், ஐசி என்கிற அடையாள அட்டைக்குக்கூட வேறு எங்கோதான் படம் எடுத்திருக்கிறார்.

பலகையை மேஜை மேல் வைத்தோம். ரப்பர் மரங்கள். குழாயடி. டாங்கி போய்க்கொண்டிருக்கிறது. மேலே நிற்பவன் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். லயத்து வாசலில், நீலக் கோட்டுச் சட்டைக்காரர் ஒருவர் அதைப் பார்த்தபடி நிற்கிறார். கொடியில் எந்தத் துணியும் இல்லை.

யாரும் எதையும் எடுக்கவில்லை. யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவனவன் சட்டை அவனவன் உடம்பில்.

“இப்படியே போயிருந்தா...” என்றார் பெரியம்மா. 

பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, இத ஒரு படம் புடிச்சுக் குடுங்க. இவர மட்டும். பெருசா. சொவத்துல மாட்டற மாதிரி.”

எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஓரம் கிழிந்த கல்யாணப் படம், ஈரத்தில் ஒட்டிப்போன ஐசி படம், கூட்டத்தில் பாதி முகம் தெரியும் படம்... எதைக் கொண்டுவந்தாலும் அதிலிருந்து ஒரு முகத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்குவது என் தொழில். ஆனால் ஒரு பிளாஸ்டிக் ஆளை?

தனபாலன் மெதுவாகச் சொன்னார்: “அப்பாவுக்குப் படமே இல்லண்ணே. எடுத்ததே இல்ல.”

ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, க்ளோசப் லென்ஸ் போட்டு, இரண்டு பக்கமும் லைட் வைத்தேன். பெரிய மனிதர்களுக்கு வைக்கிற அதே லைட். ‘கொஞ்சம் நிமிந்து பாருங்க’ என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கதோஷம்.

*

கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். நடுவர் மரியாதையான சீனர். டாங்கிக்காரனின் உடையை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நிறம் மிகப் பொருத்தம், இதற்கு எந்தப் புத்தகம் பார்த்தாய் என்று கேட்டாராம். அம்மா என்று சொல்லியிருக்கிறார் தனபாலன். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

“அந்த சிவிலியன் ஆள் மட்டும் தேவையில்லாம நிக்கிறான். அவன எடுத்துட்டா காட்சி இன்னும் சுத்தமா இருக்கும்” என்றும் சொன்னாராம்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லாப் புத்தகத்திலும் அந்த ஆளை எடுத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

படம் கிள்ளான் கலர் லேபிலிருந்து சென்ற வாரம் பிரின்ட்டாகி வந்தது. அட்டையில் ஒட்டி, பிரேம் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் திருப்தியில்லை. பெரிதாக்கியதில் பிரஷ் தடம் எல்லாம் தெரிந்தது. கோடு சில இடங்களில் கோணல். முகம் என்று பார்த்தால் பழுப்பில் இரண்டு புள்ளி, ஒரு நிழல். அவ்வளவுதான்.

பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். நானும் தனபாலனும் நின்றுகொண்டிருந்தோம், பரீட்சைப் பேப்பர் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

“ஆளு இவரு இல்ல தம்பி” என்றார்.

தனபாலன் தலை குனிந்தார்.

பெரியம்மா ஆள்காட்டி விரலால் அந்தக் கோடுகளின் மேல் மெல்ல இழுத்தார். தோளிலிருந்து கீழே. மறுபடி தோளிலிருந்து கீழே.

“சட்ட இதுதான்.”

சாமி படங்களுக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஆணி அடித்தேன். படத்தை மாட்டி, சாய்வு பார்த்து, நேராக்கினேன். தனபாலன் உள்ளே போய்க் குங்குமச் சிமிழ் எடுத்துக்கொண்டு வந்தார். நம் வழக்கம்தானே... போனவர்கள் படத்துக்குப் பொட்டு வைப்பது.

“என்னடா பண்ற?” என்றார் பெரியம்மா.

“பொட்டு வைக்கலாம்னு...”

“யாரு வந்து சொன்னா உனக்கு, அவரு இல்லேன்னு?”

கையிலிருந்த சிமிழைத் தனபாலன் மூடினார்.

படத்தில் பொட்டு இல்லை. பெரியம்மாவின் நெற்றியில் இருக்கிறது... நாற்பது வருடத்துக்கு மேலாக.